பிள்ளைக்கு ஆயத்தமாகும்போது எதைச் சாப்பிடுவது? மாமியின் பட்டியலும் மருந்துக்கடைப் போத்தலும்

நிலாவெளி மருமகள் கேட்கிறார்:

அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது. நிலாவெளியில் இருந்து திருகோணமலை நகருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன ஆவணியில் கலியாணம். தை பிறந்ததில் இருந்து பிள்ளைக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் ஒன்றும் தங்கவில்லை. அவசரம் எனக்கில்லை, ஊருக்குத்தான். பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் யாராவது "ஏதும் விசேஷமா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

என் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. மாமி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார். காலையில் நல்லெண்ணெய் விட்ட உளுத்தங்களி. கிழமைக்கு இரண்டு தரம் முருங்கையிலை வறை. ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரல். சுறா கிடைத்தால் விடக்கூடாது. பப்பாசியும் அன்னாசியும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். மாமி நல்லவர், அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு என்பாட்டில் இருந்திருப்பேன்.

அலுவலகத் தோழி இன்னொரு பக்கம். கொழும்பில் இருந்து இரண்டு போத்தல் எடுப்பித்துத் தருகிறாளாம், எனக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று. கருத்தரிக்க உதவும் விற்றமின் குளிசை என்று போட்டிருக்கிறது. இரண்டுக்குமாக மாதம் என் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

என்னைப் பற்றி: உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 44 கிலோ, சின்ன வயதில் இருந்தே ஒல்லி. மாதவிடாய் சில மாதம் 35 நாளில் வரும், சில மாதம் 45ஐயும் தாண்டும். காலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு பிளேன்டீயோடு ஓடிவிடுவேன், பத்து மணிக்கு ஒரு பணிஸும் இன்னொரு பிளேன்டீயும். கணவருக்கு இரவு வேலை. சிகரெட் உண்டு. தூக்கம் வராமலிருக்கத் தகரப் பேணியில் வருகிற அந்தச் சக்திப் பானம் குடிப்பார். உடற்பயிற்சிக்கூடத்தில் யாரோ கொடுத்த மாவு ஒன்றும் கரைத்துக் குடிக்கிறார். அவருக்குப் பட்டியல் எதுவும் இல்லை. கேட்டால் "அவனுக்கென்ன?" என்கிறார் மாமி.

இதில் எது உண்மை, எதை விடலாம்?

கிண்ணியா ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்த கதை என்னுடையதும்தான். சூலகத்தில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் சொன்னார்கள். அப்போது என் எடை 76 கிலோ. டொக்டர் அம்மா மருந்து எழுதுவதற்கு முன்னால் சொன்னது இதுதான்: இந்த நிலையில் உள்ள பருமனான பெண்களுக்கு உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குறைந்தாலே பலருக்குச் சூல் ஒழுங்காக வெளிவரத் தொடங்கிவிடும். என் கணக்குக்கு நாலு கிலோவில் இருந்து ஏழரை கிலோ.

கிண்ணியாவில் இருந்துகொண்டு தயிரை விடு என்றால் நடக்கிற காரியமா? தயிரை விடவில்லை, அதன்மேல் ஊற்றுகிற பாணியை விட்டேன். சீனி போட்ட பால்தேநீர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் குடிக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அதை ஒன்றாகக் குறைத்து, அதிலும் சீனியைப் பாதியாக்கினேன். இரவுப் பிட்டைக் குரக்கன் பிட்டாக்கி, பாதி அளவு பிட்டு, மிச்சம் மீனும் மரக்கறியும். அஸர் தொழுதபின் நடை. எடை மெல்ல மெல்லத்தான் இறங்கியது. மாதவிடாய் அதற்கு முன்பே ஒழுங்குக்கு வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், மகள் இப்போது முற்றத்தில் கோழி துரத்துகிறாள்.

ஆகவே போத்தலுக்குக் காசைக் கொட்டாதீர்கள். இரவுச் சோற்றை நிறுத்துங்கள், மாவுச்சாப்பாட்டைக் குறையுங்கள், எல்லாம் சரியாக வரும்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது:

பிள்ளை, ராத்தா சொன்னது ராத்தாவுக்குச் சரி. உங்களுக்கு அது நேர்மாறு. இரவுச் சோற்றில் கை வைத்துவிடாதீர்கள்.

சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் வீடு வீடாகச் சைக்கிளில் திரிந்தவள் நான். உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போனது பட்டியலில் அல்ல, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட எடையில். 158 சென்ரிமீற்றருக்கு 44 கிலோ என்றால் உடற்திணிவுச் சுட்டி 17.6. 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்று கிளினிக் அட்டையில் எழுதுவோம். உங்கள் உயரத்துக்கு அந்தக் கோடு 46 கிலோவைக் கொஞ்சம் தாண்டி வரும். ஒல்லி என்றால் அழகு என்று ஊர் சொல்லும், சூலகம் அப்படிப் பார்ப்பதில்லை. உடம்புக்குள் வருகிற சக்தி செலவுக்குக் காணாதபோது, மூளை முதலில் நிறுத்துகிற வேலைகளில் ஒன்று இனப்பெருக்கம். சூலகத்துக்குப் போகிற ஓமோன் கட்டளை மந்தமாகும், சூல் வெளிவருவது தள்ளிப்போகும், மாதவிடாயும் அதோடு தள்ளிப்போகும்.

இதுதான் காரணம் என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தைரொயிட் கோளாறாலும் இப்படி வரும். ஒல்லியான பெண்களுக்கும் ராத்தாவுக்கு இருந்த அதே நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பதுண்டு. 35 நாளைத் தாண்டுகிற மாதவிடாயை வைத்துக்கொண்டு ஒரு வருடம் முடியட்டும் என்று இருக்க வேண்டாம். டொக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இனி மாமியின் பட்டியலுக்கு வருவோம். உளுத்தங்களியை நானும் ஒட்டியிருப்பேன். பருமனான பெண்ணுக்கு அந்த எண்ணெயும் சர்க்கரையும் யோசித்துக் கொடுக்க வேண்டியவை, உங்களுக்கு அவைதான் வேண்டியவை. ஆனால் பஸ்ஸுக்கு ஓடுகிற பெண் அடுப்படியில் நின்று களி கிண்டுவாளா? இரவே ஒரு பிடி பயறை ஊறப்போடுங்கள். காலையில் மாமி அடுப்பில் வைக்கட்டும், பட்டியல் எழுதியவருக்கு ஒரு வேலை வேண்டாமா? அவிந்ததும் தண்ணீரைக் கொட்டாமல் வற்றவிட்டு, தேங்காய்ப்பூவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிரட்டி, ஒரு அவித்த முட்டையோடு பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். கைப்பையில் ஒரு சுருள் கச்சான், ஒரு வாழைப்பழம். பணிஸை விடச் சொல்லவில்லை, பணிஸ் மட்டும் காலைச் சாப்பாடாக இருக்கக்கூடாது.

பட்டியலில் இல்லாத ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது: போலிக் அமிலம். கருத்தரிக்க முயற்சிக்கிற பெண் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முந்தியே தொடங்கி, கர்ப்பத்தின் 12 கிழமை வரை. ஏன் முந்தி? பிள்ளையின் மூளையும் முண்ணாணும் உருவாகிற குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். மூடாவிட்டால் பிள்ளைக்கு மூளையிலோ முண்ணாணிலோ பிறவிக் குறைபாடு வரும். மாதவிடாய் எப்போதும் தள்ளிப்போகிற பெண் தனக்குக் கர்ப்பம் என்று சந்தேகப்படுவதற்கே நாளாகும். அதற்குப் பிறகு குளிசையைக் கையில் எடுத்தால் அந்த வேலை முடிந்துபோயிருக்கும். 1991இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே இந்தக் குறைபாட்டோடு பிள்ளை பிறந்த தாய்மாருக்கு மறுபடி அப்படி நேர்வது போலிக் அமிலத்தால் 72 வீதம் குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்தது கூடிய அளவு, 4 மில்லிகிராம். நீரிழிவு, வலிப்பு மருந்து, குடும்பத்தில் இந்தக் குறைபாடு இருப்பவர்களுக்கு இன்றைக்கும் கூடிய அளவுதான். அதை டொக்டர் எழுத வேண்டும்.

"பயறில் போலேட், அதாவது சாப்பாட்டில் இயற்கையாக உள்ள போலிக் அமிலம், இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, அவித்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 160 மைக்ரோகிராம். பருப்பு, கடலை, கீரை எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் சமைக்கிற தண்ணீரில் ஒரு பங்கு கரைந்துபோகும், மிச்சத்திலும் குளிசையில் இருப்பதைப் போல உடம்பு எடுத்துக்கொள்ளாது. பயறையும் சாப்பிடுங்கள், குளிசையையும் போடுங்கள். அதற்குக் கொழும்பில் இருந்து போத்தல் வரத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனால் அல்லது உங்கள் பகுதி மருத்துவமாதிடம் பதிந்தால் இலவசமாகவே கிடைக்கும். புதிதாக மணமுடித்தவர்களுக்கு எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சோகை எல்லாம் பார்ப்பார்கள். ருபெல்லா ஊசி போட்டீர்களா என்றும் கேட்பார்கள். போடாவிட்டால் இப்போதே போட்டுவிடுங்கள். போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிக்கக் கூடாது என்பதால், கடைசி நேரத்தில் நினைவு வந்து பயனில்லை.

முருங்கையிலை நல்லது. ஆனால் அதைச் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் இலையின் இரும்புச்சத்தைத் தேயிலை பிடித்துக்கொள்ளும். இந்தத் திருமலைச் சனத்துக்குச் சோறு முடிந்ததும் தேத்தண்ணீர் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இராது, தெரியும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். வறையில் தேசிக்காய் பிழியுங்கள், அல்லது பின்னால் ஒரு கொய்யாப்பழம். அவற்றில் உள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே இழுக்கும்.

ஈரலையும் சுறாவையும் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள். ஈரலில் விற்றமின் ஏ மிதமிஞ்சி இருக்கிறது, கருவின் தொடக்க நாட்களில் அது கூடினால் பிள்ளைக்குக் கேடு. கொட் லிவர் எண்ணெயும் அதே காரணத்தால் வேண்டாம். சுறா பெரிய மீன், மற்ற மீனைத் தின்று நெடுநாள் வாழ்கிறது, அதனால் பாதரசம் அதன் தசையில் சேர்ந்துகொண்டே போகும். வாள்மீனும் அப்படித்தான். கடல் வாசலில் இருக்கிற உங்களுக்கு மீனுக்கா பஞ்சம்? சூடை, கீரி, நெத்தலி என்று சின்ன மீனாக வாங்கிக் குழம்பு வையுங்கள். நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும்.

நன்றாகப் பழுத்த பப்பாசியைத் தாராளமாகச் சாப்பிடலாம். கர்ப்பம் என்றால் பால் வடிகிற காயை மட்டும் தள்ளிவையுங்கள். அன்னாசியைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், ஒரு துண்டு அன்னாசியால் கலைகிற கருவை நான் கண்டதில்லை.

சஷ்டி விரதம் பிடியுங்கள், தடுக்க நான் யார். ஆனால் 44 கிலோவோடு ஆறு நாள் பாலும் பழமும் வேண்டாம். ஒரு நேரம் சோறு சாப்பிட்டுப் பிடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், முருகன் அவர்களைக் கைவிட்டதாகக் கேள்விப்படவில்லை. மாமியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டை போட்டவள் சொன்னால் கேட்பார்.

மருந்துக்கடைக் கவுண்டர்:

அக்கா கணவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும், தனியாகவோ பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ. எங்கள் கடைக்கு வருகிற கணவன்மார் மனைவிக்கு மருந்து வாங்கிக்கொண்டு, தாங்கள் ஏதோ துணைக்கு வந்தவர்கள் போல் வாசலில் நிற்பார்கள்.

ஆண்களுக்கான அந்தப் போத்தலை நானும் விற்கிறேன். கேட்பவர்களிடம் மறைப்பதும் இல்லை. பெரும்பாலும் அதில் இருப்பது துத்தநாகமும் போலிக் அமிலமும். அமெரிக்காவில் 2,370 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஆறு மாதம் நாள்தோறும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் போலிக் அமிலமும், மறுபாதிக்கு வெறும் மாத்திரை. பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் வித்தியாசமில்லை, விந்தின் தரத்திலும் முன்னேற்றமில்லை. மருந்து எடுத்தவர்களுக்கு வயிற்றுக் கோளாறு கூடியதுதான் மிச்சம். சம்பளத்தில் ஐந்தில் ஒன்றை இதற்கா கொடுப்பது? அந்தக் காசுக்கு வீட்டில் எல்லாருக்கும் முட்டையும் மீனும் பழமும் வாங்கலாம்.

இதைவிட எனக்குப் பயம் அந்த மாவுதான். வெறும் பால்புரத மாவு என்றால் பரவாயில்லை. உடற்பயிற்சிக்கூடத்தில் "யாரோ கொடுத்தது" என்றால் போத்தலைக் கையில் எடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், கூடவே ஊசி ஏதும் போடுகிறாரா என்றும் கேளுங்கள். ஆண் ஓமோன் வெளியில் இருந்து உள்ளே போனால், இங்கே வேண்டிய அளவு இருக்கிறது என்று மூளை கணக்குப் போட்டு, விந்தணுவை உருவாக்கும் விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். தசை புடைக்கும், விந்தணு விழும். சிலருக்குப் பூச்சியத்துக்கே வந்துவிடும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்காகும்.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம். இன்றைக்குச் சிகரெட்டை விட்டால் பலன் தெரிவது அதற்குப் பிறகுதான், அதனால் ஒரு கிழமை விட்டுப் பார்த்தேன் என்ற கதை எடுபடாது. சாப்பாட்டில் அவருக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. மீன், பருப்பு, கீரை, பழம், கச்சான் என்று மனைவிக்குச் சொன்னதையே அவரும் சாப்பிடட்டும். வறுத்ததையும் இனிப்புப் பானங்களையும் குறைக்கட்டும். விதைக்குச் சூடும் ஆகாது. கன்னியா வெந்நீரூற்றில் எப்போதாவது குளிப்பதைச் சொல்லவில்லை, கொதிக்கிற இயந்திர அறையில் இரவு இரவாக நிற்பதைச் சொல்கிறேன். சக்திப் பானத்தில் உள்ள கஃபீனோடு பார்த்தால் உங்கள் தேநீர் பரவாயில்லை. நீங்கள் நாளுக்கு மொத்தமாக 200 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிலாவெளி மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈமோகுளோபின் 10.8. பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் சோகையாம். மருத்துவமாது அதைச் சொன்னதும் மாமியின் முகம் மாறிவிட்டது. வழிநெடுகப் பேசவே இல்லை, வீட்டுக்கு வந்ததும் பயறு ஊறப்போட்டுவிட்டுத்தான் சேலை மாற்றினார். இரும்புக் குளிசையும் போலிக் அமிலமும் தந்திருக்கிறார்கள். தைரொயிட் பரிசோதனை முடிவு இனித்தான் வரும். மாவுப் போத்தலில் எழுத்தே இல்லை, அது இப்போது குப்பைக் கிடங்கில். சிகரெட் இன்னும் விடவில்லை, ஒளித்துக் குடிக்கிறார், வாசனை ஒளியுமா?

இன்னும் மூன்று சந்தேகம். இரும்புக் குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, வயிறும் பொருமுகிறது. விட்டுவிடலாமா? கனடாவில் இருந்து வந்த சித்தி, கடையில் விற்கிற உப்பு கூடாது என்று இளஞ்சிவப்பு இந்துப்பு பக்கெட் தந்திருக்கிறார். அதைப் பாவிக்கலாமா? கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள், அதற்கு ஏதும் பத்தியம் உண்டா?

ஓய்வுபெற்ற மருத்துவமாது:

மலம் கறுப்பது இரும்புக் குளிசையின் வழக்கம், பயப்பட ஒன்றுமில்லை. விட வேண்டாம். வயிறு பொருமினால் சாப்பாட்டோடு போடுங்கள், அல்லது ஒன்றுவிட்ட ஒரு நாள் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், அப்படிக் கொடுப்பதும் உண்டு. பாலோடும் கல்சியக் குளிசையோடும் சேர்த்துப் போடக்கூடாது. தேநீர் பற்றி ஏற்கெனவே ஏசிவிட்டேன்.

சித்தியின் உப்பை மாங்காய்க்குத் தொட்டுச் சாப்பிடுங்கள். சமையலுக்கு அயடீன் சேர்த்த உப்புத்தான். இலங்கையில் 1995இல் இருந்து சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது சும்மா இல்லை. தாய்க்கு அயடீன் குறைந்தால் தைரொயிட் தளரும், பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். இந்துப்பில் அந்த அளவு அயடீன் கிடையாது. அயடீன் உப்புப் பக்கெட்டைப் பிரித்தால் மூடியுள்ள போத்தலில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

விந்துப் பரிசோதனைக்குப் பத்தியம் ஒன்றுதான்: இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்குக் கூடாமலும் எந்த வகையிலும் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள், காய்ச்சல் சில கிழமைக்கு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். ஒரு முடிவு குறைவாக வந்தால் இடிந்துபோக வேண்டாம், மறுபடி செய்துதான் முடிவு சொல்வார்கள். மாதிரியை உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே நிலாவெளியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வர யோசிக்காதீர்கள், ஆய்வுகூடத்திலேயே அதற்கென்று ஓர் அறை இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.